ஹன்சார்ட் பழைய பதிவேடு: டாம் டல்யெல்லைத் தேடிப் போய் மூன்று மாதம் அதிலேயே இருந்தேன்

தலவாக்கலைப் பக்கம் ஹோலிரூட் என்றால் தேயிலைத் தோட்டம்தான், வேறு எதுவும் யாருக்கும் ஞாபகத்துக்கு வராது. போன தவணை உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் நடத்திக்கொண்டிருந்தேன், அதிகாரப் பகிர்வு அலகு. ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றத்தைச் சுருக்கமாக ஹோலிரூட் என்பார்கள் என்று சொன்னதும் பின் வாங்கில் இருந்த பிள்ளை எழும்பி, "சேர், நம்ம தோட்டத்துப் பேரை ஏன் அவங்க பாராளுமன்றத்துக்கு வச்சாங்க?" என்று கேட்டாள். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. பாதிப் பேருக்கு அதே கேள்விதான் மனதில் இருந்தது. பெயர் வந்த பாதை அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் என்று விளக்கினேன். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை போட்ட காலத்திலும் அதற்குப் பிறகும் வந்த ஸ்கொட்லாந்துத் துரைமார் தங்கள் ஊர்ப் பெயர்களையும் சேர்த்தே இங்கே நட்டுவிட்டார்கள். நானுஓயாப் பக்கம் எடின்பரோ, அக்கரப்பத்தனையில் பெல்மோரல், இங்கே ஹோலிரூட். சரி என்று உட்கார்ந்தவள் மறுபடி எழும்பினாள். "அந்தப் பாராளுமன்றம் வேணாம்னு ஸ்கொட்லாந்துலயே யாராச்சும் சொன்னாங்களா சேர்?"

சொன்னார்கள். முக்கியமாக ஒருவர், தொழிற்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர் டாம் டல்யெல். பாடப்புத்தக அளவில் அவரைப் பற்றி எனக்கு இரண்டு வரி தெரியும், அவ்வளவுதான். அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்ல மனம் வரவில்லை. அப்படித் தேடப் போனபோதுதான் இந்தச் சேவையைப் பிடித்தேன். பிரித்தானியப் பாராளுமன்றமே நடத்தும் பழைய ஹன்சார்ட் இணையத்தளம். ஹன்சார்ட் என்றால் சபையில் பேசியதைப் பதிகிற ஏடு, 1803இலிருந்து 2005 வரை பேசப்பட்டது இதில் இருக்கிறது. மூன்று மாதமாக இரவில் அதிலேயேதான் இருக்கிறேன். ஆசிரியர்களும் சட்டம் படிக்கிற பிள்ளைகளும் பத்திரிகையில் எழுதுகிறவர்களும் கட்டாயம் பயன்படுத்த வேண்டிய ஒன்று என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மார்க் போடச் சொன்னால் பத்துக்கு ஒன்பது போடுவேன்.

முதலில் காசு விஷயம். இலவசம். பதிவு செய்யத் தேவையில்லை, கடவுச்சொல் இல்லை, விளம்பரம் இல்லை. படம், வீடியோ ஒன்றும் இல்லாத வெறும் எழுத்துப் பக்கங்கள் என்பதால் டேட்டாவும் பெரிதாகப் போகாது. எங்கள் பக்கம் மூடுபனி இறங்கி மழையும் சேர்ந்துவிட்டால் போனில் சிக்னல் ஒரு கோட்டுக்கு வந்துவிடும், அந்த ஒரு கோட்டிலும் பக்கம் திறக்கிறது. இந்த ஊரில் ஒரு சேவை நல்லதா இல்லையா என்று பார்க்க என்னிடம் இருக்கிற முதல் அளவுகோல் இதுதான்.

உள்ளே போவதற்கு இரண்டு வழி. நாள் தெரிந்தால் பத்தாண்டு, வருடம், மாதம், நாள் என்று படிப்படியாக இறங்கலாம். ஆள் தெரிந்தால் பெயர்ப் பட்டியல் வழியாகப் போகலாம். ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனிப் பக்கம் இருக்கிறது, எந்தத் தொகுதியில் எப்போதிலிருந்து எப்போது வரை இருந்தார், எந்த வருடம் என்னென்ன விவாதத்தில் வாய் திறந்தார் என்று நாளோடு வரிசையாகக் கிடக்கும். ஒன்றைத் தட்டினால் அந்த விவாதமே திறக்கும், அவர் எழும்பிய இடத்திலேயே. இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை: டல்யெல் என்று எழுதுகிற இந்தப் பெயரை அந்த ஊரில் "டீ-யெல்" என்றுதான் உச்சரிப்பார்கள், காதால் கேட்டுவிட்டு எழுத்தில் தேடினால் கிடைக்க மாட்டார். அவர் பக்கத்தைத் திறந்து கீழே தள்ளிக்கொண்டே போனேன். 1962இல் தொடங்கி 2005 வரை, 43 வருடம், ஒரு வருடம்கூட வெறுமையாக இல்லை.

அதைப் பார்த்தபோது எனக்கு அப்பாயி ஞாபகம் வந்தது. மலையில் கொழுந்து எடுத்தவர். நிறுவை முடிந்து கணக்கப்பிள்ளை வேலைப் பதிவேடான செக்ரோலில் எழுதுகிற நேரத்தில் பக்கத்திலேயே நின்று, "பேர் விழுந்துச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் லயத்துக்கு நடப்பாராம். கொழுந்து குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி. நாள் முழுக்க மழையில் நின்றாலும் பேர் விழாவிட்டால் அந்த நாள் அவருடைய நாள் இல்லை. அப்பாயிக்கு எழுதத் தெரியாது, ஆனால் எழுதப்படுவது என்றால் என்னவென்று அவரை விட நன்றாகத் தெரிந்தவரை நான் கண்டதில்லை. பாராளுமன்றத்துக்கு ஹன்சார்ட் என்பது இந்தச் செக்ரோல்தான். யார் வந்து நின்றார், யார் கேட்டார், யார் பதில் சொல்லாமல் நழுவினார், எல்லாம் பேரோடு விழுந்திருக்கிறது. டல்யெல்லுக்குத் தினமும் முழுப் பேர்.

ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1932இல் பிறந்தவர். எடின்பரோவுக்கு மேற்கே பின்ஸ் என்ற பழைய பரம்பரை வீட்டுக்காரர், ஈட்டனில் படித்து கேம்பிரிட்ஜ் போனவர், அங்கே பழமைவாதக் கட்சி மாணவர் சங்கத்துக்குத் தலைவராகவே இருந்தவர். 1956இல் பிரித்தானியா எகிப்தைத் தாக்கிய சூயஸ் விவகாரம் வந்தபோது மனம் மாறித் தொழிற்கட்சிக்குப் போனார். சில வருடம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். பரம்பரையாக வந்த "சேர்" பட்டம் கையில் இருந்தும் போட்டுக்கொள்ளவில்லை, பதிவேட்டில் எல்லா இடத்திலும் வெறும் மிஸ்டர்தான். 1962 ஜூனில் வெஸ்ட் லோதியன் இடைத்தேர்தலில் வென்றார். தொகுதியில் இருந்தவர்களில் பெரும்பகுதி சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களும் ஆலைத் தொழிலாளர்களும். பெரிய வீட்டுப் பிள்ளையை அவர்கள் ஏன் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை, பதிவேட்டைப் படிக்கப் படிக்கத்தான் விளங்கியது. மனுசன் விடமாட்டார். ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான்.

முதல் உதாரணம் அல்டாப்ரா. இந்து சமுத்திரத்தில் சீஷெல்ஸ் பக்கம் இருக்கிற பவளத்தீவு, உலகத்திலேயே அதிகமான இராட்சத ஆமைகள் இருக்கும் இடம். 1965இல் பிரித்தானியா தன் இந்து சமுத்திரப் பிரதேசம் என்று ஒன்றை உண்டாக்கி அல்டாப்ராவையும் அதற்குள் சேர்த்தது. அங்கே விமானப்படைத் தளம் போட யோசனை. விஞ்ஞானிகள் பதறினார்கள், டல்யெல் அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். 1967 பக்கத்தைத் திறந்து பாருங்கள், அல்டாப்ரா, அல்டாப்ரா என்று வந்துகொண்டே இருக்கும். செலவு எவ்வளவு, பறவைகளுக்கு என்ன ஆகும், யாரைக் கேட்டீர்கள். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வரிக் கேள்வி. அமைச்சர் ஒரு வரியில் தட்டிவிடுவார், அடுத்த தடவை அதே கேள்வி வேறு வாசலால் வரும். அந்த வருடம் நவம்பரில் பிரித்தானிய நாணயமான பவுண்டின் மதிப்பு இறக்கப்பட்டதோடு திட்டம் கைவிடப்பட்டது. காசுதான் கடைசியாகத் தள்ளியது என்றாலும், அந்த நேரம்வரை கதவை மூடவிடாமல் கால் வைத்துக்கொண்டு நின்றவர்களில் இவர் முக்கியமானவர்.

ஆனால் இந்தக் கதையில் எனக்குத் தொண்டையில் நிற்கிற முள் ஒன்று இருக்கிறது. அல்டாப்ரா தப்பியது, அதே பிரதேசத்தில் இருந்த டியேகோ கார்சியா தப்பவில்லை. அங்கே அமெரிக்கத் தளம் வந்தது, 1973க்குள் சாகோஸ் மக்கள் எல்லோரையும் தீவுகளிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். ஆமைகளுக்காக இத்தனை கேள்வி விழுந்த அந்த நாட்களில் அந்த மனிதர்களுக்காக எத்தனை விழுந்தது என்று நீங்களே வருடம் வருடமாகப் பார்க்கலாம், மனம் கனத்துப்போகும். டியேகோ கார்சியா நமக்குத் தூரத்துப் பெயரும் இல்லை. 2021இல் இலங்கைத் தமிழர்களை ஏற்றிப் போன படகு சிக்கலில் மாட்டி அவர்கள் அந்தத் தளத்தில் போய்ச் சேர்ந்ததும், மூன்று வருடம் கூடாரத்தில் கிடந்ததும், 2024 டிசம்பரில்தான் பெரும்பாலானோர் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோகப்பட்டதும் செய்தியில் பார்த்தோமே. அந்தத் தளம் உண்டான கதையின் முதல் பக்கங்கள் இந்தப் பதிவேட்டில் இருக்கின்றன.

அடுத்து, நான் தேடிப்போன விஷயம். 1977 நவம்பர் 14ஆம் திகதியைத் திறவுங்கள், ஸ்கொட்லாந்துச் சட்டமூலத்தின் இரண்டாம் வாசிப்பு. டல்யெல் கேட்டது இதுதான்: ஸ்கொட்லாந்துக்குத் தனிச் சபை வந்தபின், ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்திலிருந்து வரும் 119 பேர் லண்டனில் இருந்துகொண்டு இங்கிலாந்தின் விஷயங்களில் வாக்குப் போடுவார்கள், ஆனால் தங்கள் சொந்த ஊரில் அதே விஷயங்களில் அவர்களுக்குச் சொல்லே இருக்காது, இதை இங்கிலாந்துக்காரர் எத்தனை நாள் பொறுப்பார்கள்? இனொக் பவல் என்ற இன்னோர் உறுப்பினர்தான் இதற்கு வெஸ்ட் லோதியன் கேள்வி என்று பெயர் வைத்தார், அந்தப் பெயர் அப்படியே பாடப்புத்தகத்துக்கு வந்துவிட்டது. டல்யெல் இதையே ஊர்ப்பெயரோடு சொல்வார்: லங்காஷயரில் ஒரு பிளாக்பர்ன் இருக்கிறது, அவருடைய தொகுதியிலும் ஒரு பிளாக்பர்ன் இருக்கிறது. முதலாவதன் பள்ளிக்கூடத்துக்கு அவர் வாக்குப் போடலாம், தன்னைத் தெரிவு செய்த இரண்டாவதன் பள்ளிக்கூடத்துக்குப் போட முடியாது.

வகுப்பில் நான் இதை இப்படி மாற்றினேன். வடமாகாணத்துக்கு மட்டும் கல்வி அதிகாரம் முழுசாகப் போய்விட்டது என்று வையுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கோட்டேக்கு வருகிற உறுப்பினர் நுவரெலியாப் பள்ளிக்கூடங்களைப் பற்றி வாக்குப் போடலாம், நுவரெலியா உறுப்பினர் யாழ்ப்பாணப் பள்ளிக்கூடங்களைப் பற்றிப் போட முடியாது. நியாயமா? பிள்ளைகள் நாற்பது நிமிடம் விட்டுக்கொடுக்காமல் வாதாடினார்கள், மணி அடித்த பிறகும்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். அதிகாரம் பகிரப்பட வேண்டும் என்று நினைக்கிற தமிழன் நான். 1979 வாக்கெடுப்பிலும் 1997 வாக்கெடுப்பிலும் வேண்டாம் என்ற பக்கம் நின்றவரைப் படிப்பது எனக்கு லேசாக இல்லை. அந்த முடிவில் நான் அவரோடு இல்லை. ஆனால் கேள்வி நேர்மையான கேள்வி. 1999இல் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் வந்தது, 2015இல் இங்கிலாந்து விஷயத்துக்கு இங்கிலாந்து உறுப்பினர் வாக்கு என்று ஓர் ஏற்பாடு கொண்டுவந்தார்கள், 2021இல் அதையும் எடுத்துவிட்டார்கள். கேள்வி இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. தன் கட்சியே கொண்டுவந்த சட்டமூலத்தை எதிர்த்து, தன் கட்சிக்காரர்களின் முகத்தைப் பார்த்து, நாள்கணக்கில் எழும்பி எழும்பிக் கேட்டிருக்கிறார் என்பதைப் பதிவேட்டில் பார்க்கிறபோது மரியாதை வருகிறது.

பெல்கிரானோ விவகாரத்துக்கு ஒரு முழு இரவு ஒதுக்குங்கள். 1982 மே 2ஆம் திகதி போக்லாந்துச் சண்டையில் ஆர்ஜென்டினாவின் ஜெனரல் பெல்கிரானோ கப்பலைப் பிரித்தானிய நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது, 323 பேர் செத்தார்கள். மே 4ஆம் திகதிப் பக்கத்தில் பாதுகாப்பு அமைச்சர் ஜோன் நொட் சபையில் சொன்னது இருக்கிறது: கப்பல் நம் படையை நெருங்கி வந்துகொண்டிருந்தது என்று. உண்மையில் அது பல மணி நேரத்துக்கு முன்பே திரும்பி வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது, பிரித்தானியா தடை விதித்த வட்டத்துக்கும் வெளியே. தாக்கியது சரியா பிழையா என்று இன்றும் இரண்டு பக்கமும் பேசுகிறார்கள். டல்யெல் பிடித்துக்கொண்டது அதோடு சேர்ந்த இன்னொன்றையும்: சபைக்குச் சொன்னது உண்மையா, யாருக்கு எப்போது தெரியும். சண்டையை எதிர்த்ததால் கட்சியின் முன்வரிசைப் பொறுப்பும் போயிருந்தது. அதற்குப் பிறகுதான் இன்னும் வேகமாகக் கேட்டார். 1983, 1984 பக்கங்களில் போய்ப் பாருங்கள், பிரதமர் தட்சரிடம் கேள்விக்கு மேல் கேள்வி. வருகிற பதில்களில் எத்தனையோ "முன்பு சொன்ன பதிலைப் பார்க்கவும்" என்பதுதான். அந்த முன்பு சொன்ன பதிலுக்குப் போனால் அது வேறொன்றுக்கு அனுப்பும். இந்தத் தளத்தில் நாளும் பத்தி எண்ணும் இருப்பதால் அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்க்கலாம். ஒரு இரவு நான் அப்படிப் போய், கடைசியில் எங்குமே பதில் இல்லாத ஓர் இடத்தில் வந்து நின்றேன். வெளியே நாய்கூடக் குரைக்கவில்லை, கோபத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

1984இல் பாதுகாப்பு அமைச்சின் அதிகாரி கிளைவ் பொன்டிங் பெல்கிரானோ பற்றிய இரண்டு ஆவணங்களை டல்யெல்லுக்குத் தபாலில் அனுப்பினார். அரச இரகசியச் சட்டத்தில் அவர்மேல் வழக்குப் போட்டார்கள், 1985 பெப்ரவரியில் ஜூரிகள் குற்றவாளி இல்லை என்று விடுவித்தார்கள். இதைப் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவிடம் சொன்னேன். "அந்த வருசம்தானே தட்சர் அம்மா விக்டோரியா அணை திறக்க வந்தாங்க" என்றார் உடனே. ஆமாம், 1985 ஏப்ரல், பிரித்தானியாவின் உதவியோடு கட்டிய அணை, பழைய தெல்தெனிய நகரமே தண்ணீருக்குள் போன அணை. தட்சரை நம் ஆட்களுக்கு அணை திறந்த அம்மாவாகத்தான் தெரியும். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் அவருடைய ஊரில் ஒரு நீதிமன்றம் அப்படித் தீர்ப்புச் சொல்லியிருந்தது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

மிச்சத்தைச் சுருக்குகிறேன். 1968இல் போர்டன் டவுன் இரசாயன ஆயுத ஆய்வுகூடம் பற்றித் தெரிவுக்குழுவில் சொல்லப்பட்டதைப் பத்திரிகைக்குக் கொடுத்ததற்காகச் சபையே அவரைக் கண்டித்தது, அந்த விவாதமும் உண்டு. பிரதமர் தட்சர் பொய் சொன்னார் என்று சொல்லி, மீளப்பெற மறுத்து, வெளியே அனுப்பப்பட்ட நாட்களும் உண்டு. லொக்கர்பி விமானக் குண்டு வழக்கில் பிழையான ஆளைப் பிடித்துவிட்டார்கள் என்று வருடக்கணக்கில் பேசினார். ஈராக் போரில் தன் கட்சிப் பிரதமர் பிளேயரையே எதிர்த்தார், அப்போது அவர் சபையிலேயே நீண்டகாலம் தொடர்ந்து இருந்த மூத்த உறுப்பினர். 2017 ஜனவரியில் காலமானார்.

இனிக் குறைகள். பழைய அச்சுத் தொகுதிகளை ஸ்கேன் செய்து இயந்திரம் வாசித்த எழுத்து என்பதால் இடைக்கிடை எழுத்துப் பிழை வரும், எண்கள் மாறியிருக்கலாம். மேற்கோள் எடுக்கிறவர்கள் கவனம். 2005க்குப் பிறகு வேண்டுமென்றால் பாராளுமன்றத்தின் புதிய ஹன்சார்ட் தளத்துக்குப் போக வேண்டும். எல்லாம் ஆங்கிலம், அதுவும் சபை ஆங்கிலம். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், தொகுதியைச் சொல்லித்தான். டல்யெல் 1983 வரை வெஸ்ட் லோதியன் உறுப்பினர், பிறகு லின்லித்கோ உறுப்பினர். இது தெரியாவிட்டால் மற்றவர்கள் அவரைப் பற்றிப் பேசுகிற இடமெல்லாம் கைநழுவிப் போகும். கௌரவ நண்பர் என்றால் ஒரே கட்சிக்காரர் என்று அர்த்தம். போனில் தமிழுக்கு மொழிபெயர்க்கக் கொடுத்தால் எல்லோரும் நண்பர்களாகிவிடுவார்கள், பிள்ளைகளுக்கு யார் எந்தப் பக்கம் என்றே விளங்காது. அதனால் நான் தேவையான பக்கங்களைக் கொமியூனிகேஷன் கடையில் அச்செடுத்து, ஓரத்தில் கையால் தமிழ் எழுதிக் கொடுக்கிறேன். ஒரு பக்கம் 20 ரூபா, எட்டுப் பக்கம் எடுத்தேன். வேலைதான், ஆனால் பிள்ளைகள் அந்தத் தாளைப் பத்திரமாக மடித்துக் கொப்பிக்குள் வைக்கிறார்கள்.

நம்முடைய ஹன்சார்டும் இணையத்தில் இருக்கிறது, பேசியவர் பேசிய மொழியிலேயே அச்சாகிறது. தமிழில் பேசியது தமிழிலேயே கிடக்கும், அது பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எனக்கு வேண்டியது ஓர் ஆளைத் தட்டினால் அவர் வருடம் வருடமாகக் கேட்டதெல்லாம் வரிசையாக விழுகிற அந்த ஒரு பக்கம். எங்கள் பிள்ளைகளுக்கு அது ஏன் வேண்டும் என்றால், 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, வாக்கும் போனது, 1952 தேர்தலில் ஒருவரும் இல்லை. நியமன உறுப்பினர் இடையில் இருந்தாலும், வாக்கில் வென்று, அந்த ஏழு பேரில் ஒருவரான தொண்டமான் நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து மறுபடி உள்ளே போனது 1977இல். அப்பாயி ஒவ்வொரு நாளும் செக்ரோலில் பேர் விழுந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்த வருடங்கள் பெரும்பாலும் அந்த இடைவெளிக்குள்தான் வருகின்றன. அந்த ஏழு பேரும் உள்ளே இருந்த கொஞ்சக் காலத்தில் என்னென்ன கேட்டார்கள் என்று ஒரு பிள்ளை போனில் தட்டிப் பார்க்க முடிய வேண்டும். கொழும்பில் யாராவது இதைச் செய்ய முன்வந்தால் தட்டெழுதுவதற்கு என் வகுப்பே வரும்.

முதல் தடவை போகிறவர்கள் பெல்கிரானோவில் தொடங்காதீர்கள், தலை சுற்றும். 1967ஐத் திறந்து அல்டாப்ராக் கேள்விகளைப் பாருங்கள். சின்னச் சின்னக் கேள்விகள், ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தால் போதும். பின் வாங்குப் பிள்ளைக்கு நான் முதலில் கொடுத்ததும் அந்தப் பக்கங்களைத்தான். அடுத்த நாள் தாளைத் திருப்பித் தரும்போது ஓரத்தில் என் எழுத்துக்குக் கீழே பென்சிலால் அவளும் எழுதியிருந்தாள்: "சேர், இவருக்கு இந்தத் தடவையும் பதில் சொல்லல. அடுத்த பக்கம் இருக்கா?"